ஆற்றுச் சோறு

ஜூன் 3

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கலங்கரை விளக்கத்துக்குக் கரண்டு வந்த வருடம், பெரிய புயலில் பள்ளிக்கூடக் கூரை பறந்த வருடம், என் மகன் தொட்டிலில் கிடந்த வருடம் — அப்போதுதான் ஆற்றை மறித்த அணையை மூடினார்கள். அதற்கு முன்னால் முதல் வெள்ளத்தில் காட்டு இலையெல்லாம் மக்கி, கறுப்புச் சேறாகக் கடலுக்கு வரும். சோறு என்போம். அதைத் தின்றுதான் முகத்துவாரத்து மட்டிச் சிப்பி கொழுக்கும். வந்த அன்றே எங்கள் வீட்டில்தான் ஒரு துளி நாக்கில் வைத்து, மட்டி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவோம். அணைக்குப் பிறகு சோறு நின்றது. மட்டி சிறுத்துக்கொண்டே வந்தது.

ஜூன் 9

அணையில் சேறு நிறைந்துவிட்டதாம். அடி மதகைத் திறந்து கழுவிவிடப் போகிறார்கள். சரக்குக் கப்பல் வேலைக்குப் பெட்டி கட்டிய மகன் கேட்டான்: "சோறு வருதாப்பா? வந்தா நான் எங்கயும் போகல."

வந்துவிடட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 14

வந்தது. கறுப்புதான். நாக்கில் வைத்ததும் குமட்டியது. சாக்கடை. துருப்பிடித்த ஆணி. "குஞ்சு மட்டி விதைக்காதடா" என்றேன் மகனிடம்.

என் மச்சான், என் மனைவியின் தம்பி, தானும் தொட்டு வைத்துச் சப்புக்கொட்டினான். "சுருட்டுல வெந்த நாக்கு மச்சான் உங்களுது! அதே ருசிதான். விதைடா மாப்ளே!"

மகன் மாமன் பேச்சைக் கேட்டான். வளர்த்து வைத்திருந்த குஞ்சு அத்தனையும் முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டான்.

ஜூன் 16

திட்டு முழுக்க மட்டி வாய் பிளந்து செத்துக் கிடக்கிறது.

ஜூன் 17

மீன்வளத்துறைப் பெண் தண்ணீர் எடுக்க வந்தாள். "அந்தக் காலத்துல இலை கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, கடல் செரிச்சுக்கிச்சு தாத்தா. இது ஊர்ச் சாக்கடையோட சேர்ந்து அணைக்கடியில அழுகிக் கிடந்தது. மொத்தமா வந்து தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சு. மட்டிக்கு மூச்சு முட்டிப்போச்சு."

இனிப் பிழைக்குமா என்றேன். பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐயோ, எங்க போய்ச் சொல்றது? இத்தனை வருஷம் பட்டினி போட்டாங்க, பொறுத்தோம். இப்ப அழுகினதைக் கொட்டிட்டாங்களே! யாரைக் கேக்கறது — திறந்தவனையா? மேல ஊர்ல கட்டிக்கொடுத்த என் மக வீட்டுச் சாக்கடையும் அந்த ஆத்துலதானே விழுது?

ஜூன் 20

மச்சான் படுத்துவிட்டான். கஞ்சி கூட இறங்கவில்லை. இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாக்குல பட்டதுமே தெரிஞ்சுது மச்சான். பய போயிடுவானேன்னுதான்..." என்றான்.

எப்படித் திட்டுவது? எனக்கும் அதே ஆசைதானே.

ஜூலை 2

மச்சானை அடக்கம் செய்தோம்.

ஜூலை 8

மகன் கப்பலுக்குப் போய்விட்டான். கிளம்புமுன் கரையில் குனிந்து, சேற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"நல்ல சோறு எப்படிப்பா இருக்கும்?"

"துவர்க்கும்டா."

"எது மாதிரி?"

சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று சொல்லை எடுத்துக்கொடுக்கவும் ஆள் இல்லை. என் அப்பா, பெரியண்ணன், படகோட்டிச் சித்தப்பா, இவனுடைய அம்மா, மச்சான் — தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அந்த ருசி தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருவன்.