எண்ணெய்த் தலையும் நுரைக் குழாயும்

அன்புள்ள அத்தான்,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சோளகக் காற்றில் போகிற வள்ளம்போல வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. சில எழுத்துகளை அழித்து அழித்துக் கடதாசியே ஓட்டையாகிவிட்டது. நீங்கள் போன பிறகு அக்கா என்னைக் குசினி மேசையில் இருத்தி எழுதப் பழக்கினார். இந்த வயதில் ஒரு வரியை முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் முடிகிறது. அதுவே எனக்குப் பெரிய புளுகம், மனம் துள்ளுகிறது.

இன்று காலை கிண்ணம் நாறியது. அதைச் சொல்லத்தான் எழுத இருந்தேன்.

மீன்தொட்டித் தண்ணீரைத் தெளியவைக்கும் புது நுரைக் குழாயின் தலையில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். மழையில் நனைந்த கருவாட்டுச் சாக்கின் மணம். அடியில் கடும் தேத்தண்ணி நிறத்தில் தடித்த அழுக்கு. நான் மூக்கை உள்ளே விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

“என்னடா, விசரே உனக்கு?” என்று அக்கா குசினிக்குள் இருந்து கேட்டார்.

“அக்கா, நாறுது!”

“உண்மையா? பொய் சொல்லாதை.” ஓடி வந்து மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, சிலுவை போட்டுக்கொண்டார். நாற்றத்துக்குத் தோத்திரம் சொன்ன வீடு ஊர்காவற்றுறையில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொழும்பு வியாபாரிக்கு நீங்கள் உயிர்மீன் பிடித்து அனுப்பிய காலத்துத் தொட்டிகளில் இப்போது மிஞ்சியிருப்பது அறைக்குள் இருக்கும் பெரிய கண்ணாடித் தொட்டி மட்டும்தான். அதற்குள் தொட்டால் சுருங்கும் ஒரு கடற்சாமந்தியும், அதன் மடியில் கிடக்கும் வெள்ளைப் பட்டி போட்ட சோடி மீனும். அவற்றை விற்க உங்களுக்கு மனம் வரவில்லை. அக்கா இப்போது காலையில் முதலில் பேசுவது அவற்றோடுதான். “அதுகள் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டில நான் தனிய இல்லை” என்று ஒருநாள் சொன்னார். அதன் பிறகு வந்தால் முதலில் அந்தத் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்பேன்.

சாட்டிக் கரையில் ஒருமுறை நீங்கள் நுரையைக் காட்டிச் சொன்னது நினைவிருக்கிறதா? “கடல் தன்ர ஊத்தையைத் தானே கரையில தள்ளுது பாத்தீரோ. தொட்டிக்குக் கரை இல்லை. அதுக்கு நாங்கள்தான் ஒரு கரை செய்து குடுக்கவேணும்.” நீங்கள் செய்த கரை ஓர் ஆள் உயரப் பிளாஸ்டிக் குழாய். அடியில் நீங்களே சீவிப் பொருத்திய முருக்கங்கட்டை. சின்ன மோட்டர் அந்தக் கட்டைக்குள் காற்றை ஊதும். கட்டையின் நுண்துளைகளால் பால்போலக் குமிழ்கள் கிளம்பும். மேலிருந்து தண்ணீர் இறங்க, கீழிருந்து குமிழ்கள் ஏற, அழுக்கு நுரையோடு ஒட்டிக்கொண்டு கிண்ணத்துக்குப் போகும். இடையில் கொழும்பிலிருந்து இதே வேலை செய்யும் ஒரு பெட்டி வாங்கி வந்து தொட்டி விளிம்பில் கொழுவினீர்கள். தண்ணீர் ஒடுங்கிய கழுத்தால் பாயும்போது தானே காற்றை உறிஞ்சும். அந்தக் கழுத்தில் அடிக்கடி உப்புப் பூத்து அடைத்தது. சீறுகிற சத்தமோ சொல்ல ஏலாது. “பாம்பைக் கொண்டுவந்து வீட்டுக்க வைச்சிருக்கிறார்” என்று அக்கா பேசியதில், திரும்பவும் குழாய்க்கே வந்தீர்கள்.

இதெல்லாம் நான் வாசலில் நின்று பார்த்தவை. “எண்ணெய்த் தலையோட உள்ளுக்கு வராதையும். அங்கையே நில்லும்” என்பீர்கள். ஒருநாளா, இரண்டுநாளா? நீங்கள் பள்ளிக்கூடம் போனவர். நான் எழுத்துத் தெரியாத, எண்ணெய் வழிகிற தலை. அக்காவின் தம்பி என்பதால் வளவுக்குள் விடுகிறார், அறைக்குள் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. உங்கள் செத்தவீட்டிலும் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நீங்கள் போன பிறகு நான் சீவிய கட்டைகள் சரிவரவில்லை. பெரிய குமிழ்கள்தான் வந்தன. கிண்ணத்தில் வெறும் உப்புத் தண்ணீர். தொட்டி மஞ்சளித்தது. கனடாவில் இருக்கும் மருமகன், உங்கள் மகன், புதிது ஒன்று அனுப்பினான். முழங்கால் உயரம்தான். அதன் மோட்டருக்குள் ஊசி ஊசியாக முள் வைத்த சில்லு சுற்றி, காற்றைப் பொடியாக நறுக்குகிறது. சத்தமில்லை. கீழே ஒரு சின்னத் தொட்டியில் வைத்துப் பெரிய தொட்டித் தண்ணீரை அதனூடாக ஓடவிட வேண்டும்.

பொருத்திப் பூட்டினேன். நுரை வரவில்லை. “புதுசு, கொஞ்ச நாள் எடுக்கும் மாமா, பொறுங்கோ” என்றான் மருமகன். பொறுத்தேன். ஒரு கிழமை கடந்தும் கிண்ணம் காய்ந்தே கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. சாமந்தி சுருங்கி ஒரு கைமுட்டியளவு ஆயிற்று. பழைய குழாய்தான் நல்லது, புதிதைத் தூக்கி எறிவோம் என்றேன். அக்கா அலுமாரியைத் திறந்து, உங்கள் செபமாலையோடு வைத்திருந்த கட்டையை எடுத்து நீட்டினார். நீங்கள் கடைசியாகச் சீவியது. அதுவரை கேட்டும் தராதவர்.

அதைப் போட்டு உங்கள் குழாயையும் ஓடவிட்டேன். குமிழ் வந்தது, பாலாக வந்தது. மேலே போய் உடைந்து போனது. ஒரு சொட்டு நுரை இல்லை.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன் அத்தான். இரண்டும் ஒரேநேரம் பழுதாகுமா? அக்காதான் யோசித்துக் கேட்டார்.

“புதுசைப் பூட்டேக்க என்ன செய்தனீ?”

“வழமையாச் செய்யிறதுதான். உப்புத் தண்ணியில வைக்கிற சாமான், துடைச்சுத் தேங்காயெண்ணெய் பூசினனான். உப்புப் பிடிக்கக்கூடாதெண்டு பிறகும் நெடுக பூசினனான்.”

“வள்ளத்து என்ஜினுக்குப் பூசிற மாதிரியோ?”

“ஓம்.”

அக்கா தலையில் கைவைத்தார். “வாழைக்காய் பொரிச்ச கையோட என்னையும் அந்த மனுசன் உள்ளுக்கு விடேல்லையடா! அவருக்குப் பெருமையெண்டெல்லோ நான் நினைச்சனான். எண்ணெய் பட்டா நுரை செத்துப்போகும்! உன்னை வாசலில நிப்பாட்டினது உதுக்குத்தான்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மீனுக்காக அழுகிறேன் என்று அக்கா நினைத்தார். அப்படியே நினைக்கட்டும்.

அன்றைக்கே வேலை தொடங்கினோம். என் எழுத்துக் கொப்பியின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, தண்ணீர்மேல் விரித்து விரித்து எண்ணெய்ப் படலத்தை ஒற்றி எடுத்தோம். புதிதைச் சவர்க்காரத்தில் கழுவி நல்ல தண்ணீரில் அலுக்கும்வரை அலசினோம். சாட்டியிலிருந்து பிளாஸ்டிக் கான்களில் கடல்நீர் கொண்டுவந்து பாதித் தண்ணீரை மாற்றினோம். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் நுரை கட்டியது. இன்று நாறியது. சாமந்தி பழையபடி விரிந்து கிடக்கிறது. சோடி உள்ளே புரள்கிறது.

எது நல்லது என்று கேட்பீர்கள். கோபிக்கக்கூடாது. நுரையின் தடிப்பைப் பார்த்தால் புதியதுதான். கட்டை சீவும் தொல்லையும் இல்லை. ஆனால் கரண்ட் போனால் அது செத்த சாமான். உங்கள் குழாயின் சின்ன மோட்டர் பற்றரியிலும் ஊதும். அதனால் இரண்டும் நிற்கட்டும் என்று வைத்திருக்கிறேன். உங்கள் கட்டையைக் காயவைத்து அக்காவிடமே கொடுத்துவிட்டேன்; அவசரத்துக்கு நான் சீவியது போதும்.

நான் இப்போது தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. “தும்புத்தடி மாதிரி நிக்குது” என்று அக்கா பகிடி பண்ணுகிறார். நிற்கட்டும். அறை வாசலில் மட்டும் பழக்கத்தில் ஒருகணம் நின்று, கையை மணந்து பார்க்கிறேன். பிறகு உள்ளே போகிறேன். நெஞ்சில் முள் இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வரக் கிண்ணம் நிறைந்திருக்கும். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை காய்ந்ததும் உங்களுக்கு எழுத இருப்பேன்.