பன்னிரண்டு பாகம்

மச்சான்,

மீன்பெட்டிக்கு அடியில் கிடந்த எங்கள் பழைய மிதப்புக் கயிற்றை இன்று காலை வெளியே இழுத்தேன். உப்புக் காய்ந்து விறைத்த கயிறு. ஆனால் முடிச்சுகளுக்குள் உன் சுருட்டு மணம் இன்னும் இருக்கிற மாதிரி எனக்கு. நீ போய் எட்டு மாதம். கயிற்றை முற்றத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தேன். கண்ணில் ஒன்றும் வரவில்லை. உன் செத்த வீட்டிலும் அப்படித்தான். எல்லாரும் அழ, நான் பந்தல்காரனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றேன். "உவனுக்கு நெஞ்சிலை மரக்கட்டையோ" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. இருக்கலாம் என்றுதான் பட்டது.

கயிற்றை ஏன் எடுத்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

அது நைந்து போனதால் போன கிழமை புதுக் கயிறு வெட்டினேன். எங்கள் படகில் கயிறு அளப்பது எப்போதும் உன் வேலை. இரண்டு கையையும் விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, பாகம் பாகமாய் எண்ணிப் போடுவாய். பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போடுவது மட்டும் என் வேலை. கடலடியில் எங்கள் வலை கிடக்கிற இடத்திலிருந்து மேலே மிதப்புக்குப் பன்னிரண்டு பாகம். "பதினொண்டு தண்ணிக்கு, ஒண்டு நீரோட்டத்துக்கு" என்பாய். அதை மறக்கவில்லை. நானும் கையை விரித்தேன், பன்னிரண்டு எண்ணினேன், சரிதானா என்று இன்னொருக்கால் எண்ணிவிட்டு வெட்டினேன். பழைய கயிற்றைப் பக்கத்தில் வைத்து வெட்டியிருக்கலாம். என் அறிவு அதுவரை எட்டவில்லை.

விடியப் போனால் மிதப்பைக் காணவில்லை. கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும் ஒரே நேராய் வருகிற அதே இடம். வெறுங்கடல். யாரோ வலையோடு தூக்கிவிட்டான் என்று, கரைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வீட்டுக்காரரை மனதுக்குள் திட்டி முடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாரி முழுக்க இருந்து கிழிசல் பொத்தின வலை அது. அதுவும் போனால் உன் கை பட்டதென்று என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கட்டி இரண்டு நாள் கடலடியைத் துழாவினேன். "என்ன அண்ணை, கடலுக்கை வாளி விழுந்திட்டுதோ?" என்றார்கள் அடுத்த படகுக்காரர். "ஓம், பெரிய வாளி" என்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் கொளுவியது. மீன் அழுகிப் போயிருந்தது. வலை முழுதாய் வந்தது. மிதப்பும் கட்டின இடத்திலேயே இருந்தது. இவ்வளவு நாளும் அது தண்ணீருக்குக் கீழே நின்றிருக்கிறது.

உன்னை மாமா என்று கூப்பிடுகிற என் மூத்தவள் இப்போது பள்ளிக்கூடத்தில் தூரம், நேரம், கதி என்று வேகக் கணக்குப் படிக்கிறாள். முந்தி ஒருநாள் அவள் உன்னை மடக்கினது ஞாபகம் இருக்கும். வலை எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள். ஒரு சுருட்டுத் தூரம் என்றாய். எவ்வளவு நேரம் எடுக்கும் என்றாள். ஒரு சுருட்டு நேரம் என்றாய்.

"அப்ப தூரத்தை நேரத்தாலை பிரிச்சால் உங்கடை படகின்ரை கதி எந்த நாளும் ஒண்டுதான், மாமா."

"நல்லதுதானே பிள்ளை, கூடவும் ஓடேல்லை, குறையவும் ஓடேல்லை."

எனக்கு அந்தப் பகிடி விளங்க இரண்டு நாள் பிடித்தது. விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவன்தானே.

இன்று காலை அவள் கயிறு எட்டாத கதையைக் கேட்டு, தையல் நாடாவோடு வந்து என்னைக் கையை விரிக்கச் சொன்னாள். ஐந்தடி மூன்று அங்குலம். பிறகு பழைய கயிற்றில் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குப் பிடித்தாள். ஐந்தடி ஒன்பது.

"நீங்கள் எண்ணினது சரியப்பா. அலகுதான் வேறை. நீங்கள் பாகமெண்டு இவ்வளவு நாளும் சொன்னது மாமாவை."

பன்னிரண்டு தரம் ஆறு அங்குலம், ஆறடி குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். நீ படகில் எழும்பி நின்றால் ஏறக்குறைய அந்த உயரம்தான் வரும்.

"இனி மீற்றரிலை வெட்டுங்கோ. ஆர் அளந்தாலும் ஒண்டாய்த்தான் இருக்கும்" என்று, இருபத்தொரு மீற்றர் என்று கொப்பித்தாளில் எழுதித் தந்தாள். அவள் சொல்வதுதான் சரி. நாளைக்கு அப்படித்தான் வெட்டுவேன்.

பழைய கயிற்றில் ஒரு பாகத்தை மட்டும், இரண்டு பக்கமும் முடிச்சு இருக்கத்தக்கதாக அறுத்து, படகில் நீ இருக்கிற பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அறுத்த கையோடு ஒருதரம் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். தோள் நோகும்வரை விரித்தேன். இந்தப் பக்கம் மூன்று அங்குலம், அந்தப் பக்கம் மூன்று அங்குலம், முடிச்சுகள் எட்டவில்லை.