ஓடிப்போனவர் என்று எழுதியது நான்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் நாள் முழுக்கப் பாடப்புத்தக மெய்ப்பு. கண் எரிகிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்து நான்காம் அத்தியாயத்தை முடித்து நாளிதழுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பா வேலை பார்த்த விமானப்படைப் பிரிவைக் கலைத்து முப்பது வருடமாகிறது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஹெலிகாப்டரில் போய் ஆட்களைத் தூக்கி வந்த பிரிவு. மிச்சமிருக்கும் பத்தொன்பது பேரும் ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்றார்கள். பிழை திருத்துவது என் பிழைப்பு, அதோடு பிரிவின் எழுத்தர் மகள். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புத்தகத்துக்கு முன்னோட்டமாக ஓர் அத்தியாயம் ஞாயிறு இணைப்பில் வருகிறது. 'ஓடிப்போன மெக்கானிக்' என்று தலைப்பு வைத்தேன். சின்ன வயதில் அப்பா சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்த கதை. ஸ்பேனர் என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு மெக்கானிக், மேலதிகாரிகள் சோதனைக்கு வந்த நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டாராம். திரும்பி வந்தவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்களாம். பிரிவின் பழைய ஆள் பட்டியலைப் பார்த்து அவர் முழுப் பெயரையும் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

படம் தேடி அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ்களுக்கு அடியில் ஒரு விடுப்புச் சீட்டு. இரண்டு நாள். காரணம்: மனைவிக்குப் பிரசவம். ஸ்பேனரின் முழுப் பெயர். அவர் 'ஓடிப்போன' தேதியும் அந்த இரண்டு நாளில் ஒன்று. கீழே அப்பாவின் கையெழுத்து.

அப்படியென்றால்?

நாளிதழுக்கு ஒரு போன் போட்டால் நிறுத்திவிடுவார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

போன் பண்ணவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது. முக்கால் பக்கம். பிரிவில் ரேடியோ இயக்கிய மாமா காலையிலேயே கூப்பிட்டார். "வயிறு வலிக்கச் சிரிச்சேம்மா! உங்கப்பன் வாய் அப்படியே உனக்கு வந்திருக்கு."

அப்பா இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"இதை எதுக்குப் போட்டே?"

"நீங்க சொன்னதுதானேப்பா."

பேப்பரை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அப்போதாவது கேட்டிருக்கலாம். சீட்டைப் பற்றிக் கேட்டால் முந்தியே பார்த்தது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அச்சகத்துக்கு ஒரு பெண் வந்தாள். மருந்துக்கடையில் போடும் வெள்ளை மேலங்கியோடு அப்படியே கிளம்பி வந்திருந்தாள். கையில் நான் எழுதிய பக்கம்.

"இதை எழுதினது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன் – என்ன ஜென்மம் நான்!

"எங்கப்பா ஓடலைங்க. லீவு சொல்லிட்டுத்தான் வந்தார். அன்னிக்குப் பொறந்தது நான்தான்."

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடுமே என்ற பயம். அவள் முகத்தைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"இதைப் படிச்சதுலேர்ந்து அப்பா தெருப்பக்கம் எட்டிப் பார்க்கறதே இல்லை இப்போ. நாற்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல யாருக்கும் இது தெரியாது. நீங்க தெரிய வெச்சுட்டீங்க."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை.

மார்ச் 19, புதன்

சீட்டை அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"லீவு கொடுக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது. கமாண்டர் வெளியூர் போயிருந்தார். அவன் அழுதுட்டு வந்து நின்னான். நீ கெளம்பு, நான் பார்த்துக்கறேன்னேன். சீட்டைக்கூட வாங்காம ஓடினான். மறுநாள் காலையில திடீர்னு சோதனை. ஆள் எங்கேன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு வாயில வந்துடுச்சு."

"விசாரணையில?"

"அவன் என் பேரைச் சொன்னான். நான் இல்லைன்னேன்."

"அப்புறம் அதையே கதையாக்கி எங்களைச் சிரிக்க வெச்சீங்களா?"

"சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா நெஜமாயிடும்னு நெனச்சேன்." பிறகு, "சீட்டைக் கிழிக்க மட்டும் கை வரலை" என்றார்.

இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். ஆறாம் தேதி ஞாபகம் வந்தது. நான் எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது? அவராவது மிரட்சியில் சொன்னார். என்னை யார் மிரட்டினார்கள்? ஞாயிற்றுக்கிழமை என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஸ்பேனரின் வீடு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தார். திருகாணிகள் ஒரு மூடியில் வரிசையாக இருந்தன. கையைத் துடைத்துவிட்டுச் சீட்டை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"வெச்சிருந்தானா? கொண்டுவந்து கொடுத்தியே, அதுவே போதும். நீ என்னம்மா பண்ணுவே? உனக்குத் தெரியாது."

அங்கேயே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எல்லாம் முடிந்திருக்கும். அவர் மகள் தண்ணீர் டம்ளரோடு கதவருகே நின்றிருந்தாள்.

"தெரியும்" என்றேன். "பேப்பர்ல வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே பார்த்துட்டேன். நிறுத்தலை."

மகள் டம்ளரை என்னிடம் தராமல் மேசையில் வைத்தாள். அவர் திரும்ப மிக்சிப் பக்கம் குனிந்துகொண்டார். "சரி, போயிட்டு வா" என்றார்.



மார்ச் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. எழுதத் தகுதியும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளிதழில் திருத்தம் வந்தது. கதைக்கு முக்கால் பக்கம் தந்தவர்கள் உண்மைக்கு ஆறு வரி தந்திருக்கிறார்கள். சீட்டை முன்பே பார்த்ததையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்திருக்கிறார்கள். அச்சகத்தில் நாளை என்ன பார்வை பார்ப்பார்களோ.

ஏப்ரல் 17, வியாழன்

அப்பா நான்காம் அத்தியாயத்தைத் தானே எழுதினார். ஒன்பது நாள் ஆனது. ஒன்றரைப் பக்கம். ரேடியோ மாமா போனில் குதித்தார்: "பிரிவோட பேரே நாறிடும்மா, எடுத்துடு!" அப்பா போனை வாங்கி, "நாறட்டும்டா. நாத்தம் என்னுதுதான்" என்று வைத்துவிட்டார்.

மொத்தப் புத்தகத்தின் மெய்ப்பையும் ஸ்பேனருக்கு அனுப்பினேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

மே 12, திங்கள்

அவர் மகள் அச்சகத்துக்கு வந்து, நான் அனுப்பிய மெய்ப்பு இருந்த உறையை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை. "முழுசும் படிச்சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு இடத்தில் பென்சில் திருத்தம். எண்ணெய்க் குழாய் இருப்பது இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம். பெருவெள்ளத்தில் முதல் நாள் மீட்டவர்கள் நாற்பது பேர் இல்லை, முப்பத்தொருவர். ஒருத்தி கைக்குழந்தைக்காரி, குழந்தையையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. இப்படியே.

அப்பாவின் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம். 'என் நண்பருக்கு நான் செய்த துரோகம்' என்று அப்பா எழுதியிருந்தார். முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில், 'என்னுடன் வேலை பார்த்தவருக்கு.'

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சரியாத்தான் திருத்தியிருக்கான்" என்றார். "அப்படியே போட்டுடு."