தினேஷ் பிடுங்கிய பிளக்

செவ்வாய், இரவு

இன்று கிரெடிட்டுக்கான லேப் புராஜெக்ட்டைக் காட்ட வேண்டிய நாள். தினேஷும் நானும் இரண்டு அறைகளின் கம்ப்யூட்டர்களை ரவுட்டரால் இணைத்திருந்தோம். கேபிள் இழுத்தது அவன், ரவுட்டரில் செட்டிங் அடித்தது நான். காலையில் எல்லாம் ஓடியது. சார் வருவதற்குள் கேபிள்களை அழகாகக் கட்டலாமென்று தினேஷ் ரவுட்டரின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கினான். திரும்பச் செருகினால் ரவுட்டரில் நான் அடித்த செட்டிங் ஒன்றுமே இல்லை.

"ஒயரெல்லாம் நீட்டா இருக்கு. நெட்வொர்க் எங்கப்பா?" என்றார் சார். "கிரெடிட் கிடையாது. அடுத்த செமஸ்டர் வாங்க."

ரயிலில் கொரட்டூர் வரை தினேஷைத் திட்டிக்கொண்டே வந்தேன். "வுடு மச்சான், மறுபடியும் பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொல்லி இறங்கிப்போனான்.

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. சேவ் செய்திருந்தால், பிளக்கைப் பிடுங்கினாலும் செட்டிங் அழியாது. சேவ் செய்வது என் வேலை. அது அவனுக்கும் தெரியும்.