சரிவுக் கம்பமும் என் துணிக்கொடியும்

ஜூன் 4
வீட்டுக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவில் இன்று ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் சென்சார். மண் சாய்ந்தால் கம்பமும் சாயும். ஒயரே இல்லாமல் அதுவாகவே ஆபீசுக்கும் என் போனுக்கும் சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு முக்கோணத் தகடு. செயற்கைக்கோளின் ரேடார் அலை அதில் பட்டுத் திரும்புமாம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தில், மண் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தெரிந்துவிடுமாம். "அலாரம் வந்தா குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துடுங்கக்கா" என்றாள் என்ஜினியர் பெண்.
இவருக்கு ஒரே சிரிப்பு. "இனிமே உனக்குப் பதிலா பயப்பட கவர்ன்மெண்டே ஆள் போட்டிருக்கு."
தொட்டில் அந்தப் பக்கச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. இவருக்கென்ன!

ஜூன் 6
ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஜூன் 11
அலாரம்! குழந்தையை அள்ளிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடினேன். பின்னாலேயே இவர், கையில் குக்கர். ஏன் குக்கர்? "அடுப்புல இருந்துச்சு, தூக்கிட்டேன்." தெருவே வெளியே வந்து நின்றது. மலையும் நின்றது, அதே இடத்தில்.

ஜூன் 12
என்ஜினியர் பெண் லேப்டாப்பில் ஒரு கோட்டைக் காட்டினாள். "காலையில சாயுது, சாயங்காலம் நிமிருது. மலை இப்படி ஆபீஸ் போயிட்டு வராதுக்கா." பிறகு போய்க் கம்பத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எங்கள் ஜன்னல் கம்பிக்கு நான் கட்டிய கொடி. தினமும் குழந்தைத் துணி. நேற்று கூடவே ஒரு ஈரப் போர்வை.
ஐயோ. பட்டம் வேறு வாங்கியிருக்கிறேன்.
பாவம், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எதிர்க் கடைக்கார அண்ணன் அடக்கவில்லை. "தங்கச்சி, அடுத்து எப்போ துவைக்கிற? சொன்னா நாங்களும் ரெடியா இருப்போம்ல."

ஜூன் 19
கொடியை அவிழ்த்தாகிவிட்டது. ஆனாலும் போனில் அந்தக் கோடு சாய்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, திரும்ப நிமிராமல். இவரிடம் காட்டினேன். "ஆரம்பிச்சிட்டியா?"
என்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். "நானும் பார்த்தேன்கா. கம்பம் மட்டும் சாயுதா, மொத்த மண்ணும் நகருதான்னு தெரியணும். திங்கட்கிழமை செயற்கைக்கோள் இந்தப் பக்கம் வருது."
திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கும்படி மலையிடம் யார் சொல்வது?

ஜூன் 23
செயற்கைக்கோள் வந்து போய்விட்டது. கணக்குப் போட இன்னும் நேரமாகுமாம். தொட்டிலை முன்னறைக்கு இழுத்து வந்துவிட்டேன். கதவு முழுசாகத் திறக்கவில்லை என்று இவர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

ஜூன் 25
அவள் நேரிலேயே வந்துவிட்டாள். செயற்கைக்கோளும் அதையேதான் சொல்கிறது. மொத்தச் சரிவும் இறங்குகிறது. "எங்க வரிசை வீட்டுக்காரங்க எல்லாருமேவா?" "எல்லாரும். இன்னைக்கே கிளம்பணும்."
இவர் உடனே பெட்டியை எடுத்தார். வண்டி கொண்டுவந்தது கடைக்கார அண்ணன். "ஏறும்மா" என்றார். கிண்டல் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 2
அக்கா வீட்டு மாடி அறை. நேற்று மழையில் சரிவு இறங்கிவிட்டது. பின்னறைச் சுவர் இப்போது இல்லை. ஆட்கள் ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.
இன்றும் மழைதான். சாப்பிட்டதும் படுத்தேன், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டேன். எழுப்பியது இவர்.
"ஏய், அந்தச் சுவத்துல ஒரு கோடு தெரியுதே. நாம வரும்போதே இருந்துச்சா?"
"பெயின்ட் வழிஞ்சதுங்க. பேசாம படுங்க."
படுக்கவில்லை. டார்ச்சோடு சுவரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்கேல்.