அபிஷாவின் போன்

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்று அன்றைய பெற்றோர் கூட்டத்தில் பேசவிருந்தார் எட்வின். அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மனைவி புஷ்பலீலா உட்காராமல் நின்றபடியே எழுதினாள்.

"மரச்சீனிக் கிழங்கு அவிச்சிருக்கேன். மீன்கறியச் சூடாக்கிச் சாப்பிடுங்க. நேத்து பஸ் வராம, நம்ம அபிஷா தக்கலை ஸ்டாண்டுல இருட்டுறது வரைக்கும் ஒத்தைக்கு நின்னுது. அதுக்க போன் நீங்க பூட்டி வச்ச பீரோவில கெடந்து. பிள்ளையக் கண்டதும் முதல்ல அழுதது நீங்கதான். பொறவும், 'போன் கூடாதுன்னா கூடாது'ன்னு திரும்பிப் படுத்தீங்க. கூட்டத்துக்கு நான் முன்னாடி போறேன். உங்களுக்கு எதிராப் பேசுவேன்."

பீரோ சாவியைத் தாளின்மேல் வைத்து வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"வெள்ளைச் சட்டை தேச்சு வச்சிருக்கேன். என் பக்கத்துல உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கேன்."