பிழைப் பட்டியலில் உன் எண்

அன்பு வாலுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அதனால் எழுத்தில், மின்னஞ்சலாக.

வெள்ளிக்கிழமை அங்கே உன் கல்யாணத்தைப் பதிய வேண்டும், பழைய பிறப்புச் சான்றிதழ் செல்லாது, புது ஆன்லைன் முறையில் எடுக்கப்போனால் 'பிழை, நிறுத்தி வைக்கப்பட்டது' என்று சிவப்பில் வருகிறது என்று அழுதாய். எந்த முட்டாள் எழுதினான் என்றும் கேட்டாய். நான்தான். பதிவு அலுவலகத்துக்காகப் பழைய பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் நிரல் எழுதும்போது, பெற்றோரின் திருமணப் பதிவுத் தேதிக்கு முன்னால் பிள்ளை பிறந்திருந்தால் யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள், ஓரமாக எடுத்து வை என்று விதி போட்டேன். சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் எழுதியது. என் சொந்தக் கதையே நினைவுக்கு வரவில்லை.

பூசி மெழுக எனக்கு வராது. நாங்கள் பதிவு செய்தபோது உனக்குப் பதினோரு மாதம். எனக்கு அப்போதுதான் இருபத்தொன்று முடிந்திருந்தது, அதற்கு முன்னால் சட்டப்படி பதிய முடியாது, இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது. உனக்கு மட்டும் கல்யாண வருடத்தை மாற்றிச் சொல்லிவந்தோம். கோபப்படு, ஆனால் வெள்ளிக்குப் பிறகு.

நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பதிவைத் திறந்து, எங்கள் திருமணத் தேதிமேல் கர்சரையும் வைத்துவிட்டேன். ஒரு நிமிட வேலை. பின்னால் நின்ற அம்மா, இந்தப் பட்டியல்ல எத்தனை பேர் என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு வச்சிருக்கற அப்பா கிடைப்பாரா, பெரிய இன்ஜினியர், மூடுங்க அதை என்றாள். பிறகு, நான் பெத்தது பிழையில்ல, தேதியைத் தொட்டீங்கன்னா நீங்களே பிழைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி என்றாள். மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை பதிவாளர் அம்மையாரிடம் போய், விதி என்னுடையது, தப்பும் என்னுடையது, எடுக்கணும் என்றேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டார். என் பொண்ணு மாட்டிக்கிட்டா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறு மாசமா ஜனங்க வந்து கவுன்ட்டர்ல அழறாங்க, உங்க வீட்டுக்கு வந்தாதான் உறைக்குதாப்பா என்றார்.

விதியை எடுப்பதா என்று முடிவு செய்ய வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகக் குழு கூடுகிறது. ஒப்புக்கொண்டால் மதியத்துக்குள் அத்தனை பதிவும் திறக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் உன் வெள்ளிக்கிழமை போயிற்று. உறுதி சொல்ல மாட்டேன். அங்கே உள்ள அலுவலகத்தில் மாற்றுத் தேதி இன்றே கேட்டு வை. சாப்பிடாமல் கிடக்காதே, தூங்கு.

குழுவுக்குக் காட்டுவதற்காக எங்கள் பதிவுப் பக்கத்தின் ஸ்கேனை நேற்று எடுத்தேன். ஓரத்தில் நீல மை. கறை நீக்கும் நிரல் அதை அழிக்கச் சொல்லிக் குறித்திருந்தது. பெரிதாக்கினேன், ஐந்து சின்ன விரல். அம்மா இடுப்பிலிருந்து நீ ஸ்டாம்ப் பேடில் கையை அமுக்கிப் பதிவேட்டில் அறைந்தாய். மூணாவது சாட்சியும் வந்தாச்சு என்று எழுத்தர் சிரித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டார் ஒருவர்கூட வராத நாள் அது.

அழிக்கக் கூடாது என்று குறித்துவிட்டேன். வியாழன் அந்தப் பக்கத்தைத்தான் மேசைமேல் வைக்கப்போகிறேன்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். வியாழன் மதியம் உன் பிறப்புப் பதிவு எண்ணை மறுபடி போட்டுப் பார், மறக்காதே.

உன் பிறப்பைப் பிழை என்று எழுதிய,
அப்பா